முற்றத்தில் வளர்ந்த நாடகம்: ஸ்பானியக் ‘கொமேதியா’ ஓர் அறிமுகம்

ஸ்பானிய இலக்கிய வரலாற்றைப் புதிதாகப் படிக்கத் தொடங்குபவர் 16, 17ஆம் நூற்றாண்டுப் பகுதிக்கு வந்ததும் இரண்டு சொற்களில் தடுமாறுவார். ஒன்று ‘கொமேதியா’, மற்றொன்று ‘அவுத்தோர்’. கொமேதியா என்பதை நகைச்சுவை நாடகம் என்று எண்ணிப் புத்தகத்தைத் திறப்பவர், வாள்சண்டையில் ஆள் சாவதையும், சந்தேகத்தின் பேரில் கணவன் மனைவியைக் கொல்வதையும், ஓர் ஊரே திரண்டு கொடுங்கோலனை வெட்டி வீழ்த்துவதையும் கண்டு திகைப்பார். அவுத்தோர் என்பவரை நூலாசிரியர் என்று கொண்டால், நாடகம் எழுதியே அறியாத பலருக்கு அந்தப் பட்டம் ஏன் கிடைத்தது என்பது விளங்காது.

அக்கால ஸ்பெயினில் மேடைக்கென எழுதப்பட்ட மூன்று அங்க முழுநீள நாடகம் எதுவானாலும் அதற்குக் கொமேதியா என்றே பெயர். அழவைப்பதும் சிரிக்கவைப்பதும், பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகச் செய்வதும் அதில் அடங்கும். நடிகர்களை ஒப்பந்தத்தில் அமர்த்தி, நாடகத்தை விலைகொடுத்து வாங்கி, ஒத்திகை நடத்தி, ஊர் ஊராக அழைத்துச் சென்ற குழுவின் தலைவரே அவுத்தோர். நாடகங்கள் முழுக்கச் செய்யுளில் இருந்ததால் எழுதியவரைக் கவிஞர் என்றார்கள். அந்தக் கவிஞர் நாடகத்தை ஒருமுறை விற்றுவிட்டால் அதன் மீது அவருக்கு உரிமை மிஞ்சுவது அரிது. பட்டத்தை முதலாளியிடம் கொடுத்துவிட்டுக் கவிஞரைப் பின்னே நிறுத்திய இந்த வழக்கு அந்நாடக உலகின் இயல்பைச் சரியாகவே காட்டுகிறது என்று நினைக்கிறேன். ஸ்பானியக் கொமேதியா ஏன் அந்த வடிவத்தில் அமைந்தது என்பதற்கான விடை, கவிஞரின் மேசையில் இருப்பதைவிட நாடகம் நடந்த முற்றத்திலும் அதன் வாசலில் வசூலான காசிலும்தான் அதிகம் இருக்கிறது.

ஒரு சாக்குமூட்டையில் அடங்கிய அரங்கு

முற்றங்கள் வருவதற்கு முன் ஸ்பெயினில் நாடகமே இல்லை என்று சொல்ல முடியாது. தேவாலயங்களில் திருநாள் நாடகங்கள் நடந்தன. பிரபுக்களின் மாளிகைகளில் ஹுவான் தெல் என்சினா போன்றோர் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் இடையர்களைப் பாத்திரங்களாக வைத்துச் சிறு நாடகங்களை நிகழ்த்தினர். ஆனால் காசு கொடுத்த எவரும் பார்க்கக்கூடிய தொழில்முறை நாடகம் என்றால், செவில்யா நகரத்தில் பொன்தகடு அடிக்கும் தொழிலாளியாக இருந்து நடிகராக மாறிய லோப்பே தே ருவேதாவிடமிருந்தே கதையைத் தொடங்க வேண்டும். அவர் 1565இல் இறந்தார். பின்னால் வரப்போகும் லோப்பே தே வேகா வேறொருவர் என்பதை இப்போதே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சிறுவயதில் ருவேதாவின் நாடகத்தைப் பார்த்த, ‘தோன் கிஹோத்தே’ நாவலின் ஆசிரியர் செர்வாந்தேஸ், தம் முதுமையில், 1615இல் வெளியிட்ட நாடக நூலின் முன்னுரையில் அதை நினைவுகூர்கிறார். குழுத்தலைவரின் உடைமை அனைத்தும் ஒரே சாக்கில் அடங்கிவிடுமாம். பொன்முலாம் பூசிய தோல் வைத்துத் தைத்த வெள்ளை ஆட்டுத்தோல் சட்டைகள் நான்கு, பொய்த்தாடிகளும் முடிகளும் நான்கு, இடையர் கோல்கள் நான்கு என்று அவர் கணக்குச் சொல்கிறார். நான்கு பெஞ்சுகளைச் சதுரமாகப் போட்டு, மேலே நான்கோ ஆறோ பலகைகளை அடுக்கினால் மேடை. இரண்டு கயிறுகளால் இழுக்கப்படும் ஒரு பழைய கம்பளிதான் திரை. அதன் பின்னால் நின்று பாடியவர்களிடம் ஒரு கித்தார்கூட இல்லை.

இந்த எளிய மேடையில் என்ன நடந்தது என்பதற்கு ருவேதாவின் குறுநாடகம் ஒன்றைப் பார்க்கலாம். தொருவியோ என்ற உழவர் அன்றைக்குத்தான் ஓர் ஆலிவ் கன்றை நட்டுவிட்டு, மழையில் நனைந்து வீடு திரும்புகிறார். ஆறேழு ஆண்டுகளில் அது காய்க்கும், நான் பறிப்பேன், நீ கழுதையில் ஏற்றிக் கொண்டுவருவாய், மகள் சந்தையில் விற்பாள் என்று மனைவி அகேதா திட்டம் போடுகிறாள். என்ன விலைக்கு விற்பது என்பதில் சண்டை தொடங்குகிறது. அம்மா ஒரு விலையைச் சொல்லி அதற்கே விற்க வேண்டும் என்று மகளை மிரட்ட, அவள் சரி என்கிறாள். அப்பா அதைவிடக் குறைந்த விலையைச் சொல்ல, அதற்கும் சரி என்கிறாள். சரி சொன்னதற்காக இருவரிடமும் மாறிமாறி அடி வாங்குகிறாள். கூச்சல் கேட்டு ஓடிவரும் பக்கத்து வீட்டுக்காரர், ஆலிவ்களைக் காட்டுங்கள், நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சமாதானம் பேசும்போதுதான் மரமே இன்று நட்ட கன்று என்பது அவருக்குத் தெரியவருகிறது. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் இந்தச் சண்டைக்கு அரங்கப்பொருள் எதுவும் தேவையில்லை. பேச்சும் அடியும் போதும். காட்சியமைப்பின் வேலை முழுவதையும் பேச்சே சுமக்கும் இந்தப் பழக்கம் பின்னாளைய பெருநாடகங்களிலும் தொடர்ந்தது.

மருத்துவமனைக்காக நடந்த நாடகம்

மாட்ரிட் 1561இல் அரசவையின் இருப்பிடமானதும் மக்கள்தொகை பெருகியது, மக்களோடு ஏழைகளும் நோயாளிகளும் பெருகினர். அவர்களைப் பேணக் கிறித்தவப் பக்திச் சங்கங்கள் இரண்டு தோன்றின. திருப்பாடுகளின் சங்கம் 1565இல் உருவாகி ஏழைப் பெண்களுக்கு மருத்துவமனை நடத்தியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தோன்றிய தனிமை மாதா சங்கம், நோயிலிருந்து தேறிவருவோரையும் கைவிடப்பட்ட குழந்தைகளையும் கவனித்தது. இவற்றுக்குப் பணம் தேவைப்பட்டது. ஊருக்கு வரும் நாடகக் குழுக்களுக்கு இடம் கொடுத்து, வசூலில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமையைச் சங்கங்கள் பெற்றன.

இடம் என்பது வீடுகளுக்கு நடுவே கிடந்த வெற்று முற்றம். ஸ்பானிய மொழியில் அதற்குக் ‘கொர்ரால்’ என்று பெயர். ஆடுமாடுகளை அடைக்கும் பட்டிக்கும் அதே சொல்தான். தொடக்கத்தில் வாடகை முற்றங்களில் நடந்த நாடகங்களுக்குப் பின்னர் நிலையான அரங்குகள் கிடைத்தன. மாட்ரிட்டில் குரூஸ் தெருவின் கொர்ரால் 1579இலும், பிரின்சிப்பே தெருவின் கொர்ரால் 1583இலும் செயல்படத் தொடங்கின. செவில்யா, வாலென்சியா, அல்காலா போன்ற நகரங்களிலும் இத்தகைய முற்றரங்குகள் எழுந்தன.

தெருவிலிருந்து உள்ளே நுழைபவர் ஒருமுறைக்கு மேல் காசு கொடுக்க வேண்டியிருந்தது. முதலில் நாடகக் குழுவுக்கு, அடுத்து மருத்துவமனைக்கு, உட்கார இடம் வேண்டுமானால் அதற்குத் தனியாக. முற்றத்தின் ஒரு கோடியில் ஆள் உயரத்துக்கு மேடை. அதன் பின்சுவரில் திரைச்சீலை தொங்கும் வாசல்கள், மேலே ஒரு மாடம். மேடையின் முன்பக்கத்தை மூடும் திரை கிடையாது. திறந்த வானத்தின் கீழே முற்றத்தில் நின்றபடி பார்த்தவர்களுக்கு ‘மோஸ்கெத்தேரோக்கள்’, அதாவது துப்பாக்கி வீரர்கள் என்று பட்டப்பெயர். கைவினைஞர்களும் கடைக்காரர்களும் வேலையாட்களும் அடங்கிய இந்தக் கூட்டம் சீழ்க்கை அடித்தால் நாடகம் தோற்றது, ஆரவாரித்தால் வென்றது. பக்கவாட்டில் படிவரிசை இருக்கைகள். சுற்றியிருந்த வீடுகளின் சன்னல்களையே உப்பரிகைகளாக்கிப் பிரபுக்களும் பணக்காரர்களும் வாடகைக்கு எடுத்துக்கொண்டனர். பாதிரியார்களும் படித்தவர்களும் உட்கார மேல்தளத்தில் தனி இடம் இருந்தது.

பெண்களுக்கு மேடைக்கு எதிரே, வேறு வாசல் வழியாக நுழையும் தனி மாடம். அதன் பெயர் ‘கசுவேலா’, குழம்பு வைக்கும் மண்சட்டி. சட்டிக்குள் காய்கறியைத் திணிப்பது போலவே பெண்களை அதற்குள் நெருக்கி உட்கார வைக்க ஓர் ஆள் இருந்தார். அவருக்கு ‘நெருக்குபவர்’ என்றே பணிப்பெயர். இன்னொருவர் தேனும் நறுமணப் பொருள்களும் கலந்த ‘அலோஹா’ என்ற பானத்தை விற்றார். விளக்கு இல்லாததால் நாடகம் பகலில்தான் நடந்தது. குளிர்காலத்தில் பிற்பகல் 2 மணிக்கும் கோடையில் 4 மணிக்கும் தொடங்கி, இருட்டுவதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்பது விதி. வெயிலுக்கு முற்றத்தின் மேலே ஒரு துணிப்பந்தலை இழுத்துக் கட்டினார்கள்.

பகல் வெளிச்சத்தில் இரவை எப்படிக் காட்டுவது? ஒரு நடிகர் கையில் மெழுகுவர்த்தியோடு வந்து, என்ன இருட்டு என்று சொன்னால் இரவு. சவாரி உடையும் குதிமுள்ளும் அணிந்து வந்தால் பயணம். மாடத்தில் ஒருத்தி தோன்றினால் அது கோட்டைச் சுவரோ, சன்னலோ, மலையுச்சியோ ஆகலாம். எல்லாவற்றையும் சொல்லே படைத்தது. ஆகவே காட்சியை மாற்றச் செலவும் இல்லை, நேரமும் இல்லை. ஒரே நாடகம் மாட்ரிட்டிலிருந்து நேப்பிள்ஸுக்குத் தாவ எதுவும் தடுக்கவில்லை.

சீட்டில் அமர்ந்த ஸ்பானியனின் கோபம்

இந்த முற்றத்துக்கான இலக்கணத்தை எழுதி வைத்தவர் லோப்பே தே வேகா (1562–1635). மாட்ரிட்டில் பிறந்தவர். நடிகையான முன்னாள் காதலியையும் நாடகக் குழுத் தலைவரான அவள் தந்தையையும் வசைபாடிச் செய்யுள் எழுதியதற்காக நாடு கடத்தப்பட்டவர். இரண்டு முறை மணந்து, பல காதல்களுக்குப் பின் 1614இல் பாதிரியார் ஆனவர். ஆன பின்னும் காதல்கள் நிற்கவில்லை. அவருடைய வாழ்க்கையே மூன்று அங்கங்களில் அடங்காது என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

மாட்ரிட் அறிஞர் கழகம் ஒன்றில் படிப்பதற்காக அவர் எழுதி 1609இல் அச்சான ‘இக்காலத்தில் கொமேதியா இயற்றும் புதிய கலை’ என்ற செய்யுள் 400 அடிக்கும் குறைவானது. பழைய விதிகளை மீறுகிறாயே என்று கேட்டிருக்கக்கூடிய அறிஞர்கள் முன் அவர் குற்றத்தை ஒப்புக்கொள்பவர் போலப் பேசத் தொடங்குகிறார். நாடகம் எழுத உட்காரும்போது விதிகளை ஆறு பூட்டுப் போட்டுப் பூட்டிவிடுவதாகவும், பழம்பெரும் இலத்தீன் நாடகாசிரியர்களான தெரென்ஸையும் பிளாத்தஸையும் அறையைவிட்டு வெளியே அனுப்பிவிடுவதாகவும் சொல்கிறார். காசு கொடுப்பது பாமர மக்கள், எனவே அவர்களுக்குப் பிடிக்கும்படி பாமரமாகப் பேசுவதே நியாயம் என்பது அவருடைய வாதம். இதில் பணிவு பாதி, குறும்பு பாதி. தாம் அதுவரை 483 கொமேதியாக்கள் எழுதிவிட்டதாகவும், அவற்றில் ஆறைத் தவிர மற்றவை எல்லாம் விதியை மீறியவை என்றும் அதே செய்யுளில் அவர் கணக்குக் கொடுக்கும்போது குறும்பே மேலோங்குகிறது.

பழைய விதிகளின்படி துயரமும் நகைப்பும் கலக்கக் கூடாது, கதை ஒரே நாளில், ஒரே இடத்தில் நிகழ வேண்டும். லோப்பே கதையின் ஒருமையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டார். உயர்ந்ததும் தாழ்ந்ததும் கலந்திருப்பதால்தான் இயற்கையே அழகாக இருக்கிறது என்றார். கால ஒருமையைப் பற்றி அவர் சொல்லும் காரணம் ரசிக்கத்தக்கது: சீட்டில் உட்கார்ந்துவிட்ட ஸ்பானியனின் கோபம், படைப்பின் முதல் நாளிலிருந்து இறுதித் தீர்ப்பு வரை இரண்டு மணி நேரத்தில் காட்டினால்தான் தணியுமாம். முடிச்சைக் கடைசிக் காட்சி வரை அவிழ்க்கக் கூடாது என்பதும் அவர் அறிவுரை. முடிவு தெரிந்துவிட்டால் மூன்று மணி நேரம் மேடையைப் பார்த்து நின்ற கூட்டம் முகத்தை வாசல் பக்கம் திருப்பி முதுகைக் காட்டிவிடும். இவை ஏட்டுப் படிப்பிலிருந்து வந்த விதிகளல்ல என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

மூன்று அங்கங்களில் ஒவ்வொன்றுக்கும் ‘ஹோர்னாதா’ என்று பெயர். ஒரு நாளின் பயணம், ஒரு நாளின் வேலை என்ற பொருள்களும் அதற்கு உண்டு. முதல் அங்கத்தில் நிலைமையைச் சொல்லி, இரண்டாவதில் நிகழ்ச்சிகளைப் பின்னி, மூன்றாவதில் அவிழ்ப்பது முறை. அங்கங்களுக்கு இடையே கூட்டம் கலையாமலும் கலகம் செய்யாமலும் இருக்க, நாடகத்துக்குத் தொடர்பே இல்லாத ‘எந்திரெமேஸ்’ என்ற கேலிக் குறுநாடகமும் ஆட்டமும் பாட்டும் இடம்பெற்றன. தொடக்கத்தில் கூட்டத்தை அமைதிப்படுத்திப் புகழ்ந்து ஒரு வாழ்த்துரை உண்டு. ஒரு பிற்பகலின் நிகழ்ச்சி இவை எல்லாம் சேர்ந்ததே; நாம் இன்று அச்சில் படிக்கும் கொமேதியா அதன் ஒரு பகுதி மட்டும்.

யாப்பைப் பற்றியும் லோப்பே குறிப்புத் தருகிறார். முறையீட்டுக்குப் பத்தடிச் செய்யுள், யாருக்காகவோ காத்திருப்பவரின் தனிமொழிக்குப் பதினான்கு அடிச் சானெட், நடந்ததை விவரிக்க ரொமான்ஸ் என்ற நாட்டுப்பாடல் யாப்பு, காதலுக்கு நான்கடிச் செய்யுள். பெரும்பாலான அடிகள் எட்டு அசை கொண்டவை. ஸ்பானிய நாட்டுப்பாடல்களின் அடியும் அதுவே. எனவே எழுத்தறியாதவரின் காதுக்கும் அந்த ஓசை பழகியிருந்தது. யாப்பு மாறியதும், காதல் முடிந்து செய்தி வருகிறது என்பது கேட்பவருக்குப் புரிந்துவிடும். விளக்கும் திரையும் செய்ய வேண்டிய வேலையைச் செய்யுள் செய்தது என்று இதைச் சொல்லலாம்.

“கொன்றது யார்?”

கொள்கையைவிட ஒரு நாடகத்தை அருகிலிருந்து பார்ப்பது நல்லது. கொர்தோபா பகுதியிலுள்ள ஃபுவென்தே ஓவெஹூனா என்ற ஊரில் 1476இல் ஊர்மக்கள் திரண்டு, தங்களை ஆண்ட, துறவற இராணுவ அமைப்பொன்றின் தளபதியான ஃபெர்னான் கோமெஸைக் கொன்றார்கள். அது வரலாறு. லோப்பே அதை நாடகமாக்கி 1619இல் ஊர்ப் பெயரையே தலைப்பாக வைத்து அச்சிட்டார். ஊர்த்தலைவர் எஸ்தேபானின் மகள் லவுரென்சியாவைத் திருமணத்தன்றே தளபதி கடத்திச் செல்கிறான். தப்பிவரும் அவள், கூடிக்கூடிப் பேசிக்கொண்டிருக்கும் ஆண்களின் அவைக்குள் தலைவிரி கோலமாக நுழைகிறாள். ஓவெஹா என்றால் ஸ்பானிய மொழியில் செம்மறியாடு. நீங்கள் செம்மறிகள், ஊரின் பெயரே அதைச் சொல்கிறது என்று அவள் சாடுகிறாள். அதற்குப் பிறகுதான் ஊர் எழுகிறது.

கொலைக்குப் பின் விசாரணைக்கு ஆள் வருவார் என்பது அவர்களுக்குத் தெரியும். அப்போது லோப்பே ஒரு நுட்பம் செய்கிறார். எஸ்தேபான், நான் விசாரணை அதிகாரி, நீ குற்றவாளி என்று வைத்துக்கொள்வோம் என்று கூறி, மெங்கோ என்ற கோமாளியை வைத்து ஒத்திகை நடத்துகிறார். கொன்றது யார் என்று கேட்டால் ஃபுவென்தே ஓவெஹூனா என்று ஊர்ப் பெயரை மட்டும் சொல்ல வேண்டும். அதாவது, மேடையில் நாடகத்துக்குள் ஒரு நாடக ஒத்திகை. அடுத்து நீதிபதி வந்து சித்திரவதை தொடங்குகிறது. அது மேடையில் நடப்பதில்லை. உள்ளேயிருந்து வரும் குரல்களை லவுரென்சியாவும் அவள் கணவன் ஃப்ரோந்தோசோவும் வெளியே நின்று கேட்கிறார்கள், அவர்களோடு முற்றத்தில் நிற்பவர்களும் கேட்கிறார்கள். முதியவர் எஸ்தேபான் சொல்லவில்லை. ஒரு சிறுவன் சொல்லவில்லை. ஒரு பெண் சொல்லவில்லை. கடைசியில் மெங்கோவின் முறை. கோமாளி, கோழை, உடல் பெருத்தவன். இவன் உளறிவிடுவான் என்ற அச்சம் எல்லாருக்கும் உண்டு. சொல்கிறேன், சொல்கிறேன் என்று அவன் கதறுகிறான். கொன்றது யார் என்று நீதிபதி கேட்கிறார். ஐயா, ஃபுவென்தே ஓவெஹுனிகா என்று ஊர்ப் பெயரைச் செல்லப்பெயராகச் சுருக்கிச் சொல்கிறான். பார்ப்பவர்கள் ஒரே நேரத்தில் சிரிக்கவும் கண்கலங்கவும் வேண்டியிருக்கிறது. துயரத்தையும் நகைப்பையும் கலக்கலாம் என்று லோப்பே ஏன் பிடிவாதமாக இருந்தார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

முந்நூறு பேரைச் சித்திரவதை செய்தும் ஓர் எழுத்துக்கூடக் கிடைக்கவில்லை என்று நீதிபதி அரசரிடம் முறையிட, அரசர் ஊரை மன்னிக்கிறார். மக்கள் எழுச்சி அரசரின் காலடியில் வந்து முடிவதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். ஆனால் பிரபுவின் கொடுமைக்கு எதிராக அரசரிடம் நியாயம் தேடுவதே அக்கால மக்களுக்குத் தெரிந்த நீதி. அதற்கு அப்பால் கொமேதியா செல்லவில்லை.

கோமாளியான வேலைக்காரனும் மானப் பிரச்சினையும் கொமேதியாவின் நிலையான இரு பொருள்கள். மானம் தொடர்பான கதைகளே சிறந்தவை, அவை எல்லாரையும் உலுக்குகின்றன என்று லோப்பே வெளிப்படையாகவே எழுதினார். பிரபுவுக்குரியதாகக் கருதப்பட்ட மானத்தை உழவனுக்கும் உரியதாக்கியதில்தான் அவருடைய நாடகங்கள் இன்றும் கூர்மையாக இருக்கின்றன.

மேடையில் பெண்கள், மேடைக்கு எதிரே பாதிரியார்கள்

ஷேக்ஸ்பியரின் லண்டனில் பெண் வேடங்களைச் சிறுவர்கள் ஏற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஸ்பெயினில் பெண்களே நடித்தார்கள். 1587இல் ஓர் இத்தாலியக் குழு தன் நடிகைகளை மேடையேற்ற அனுமதி கேட்டுப் பெற்றது, அது உள்ளூர்க் குழுக்களுக்கும் வழிவிட்டது. நடிகை திருமணமானவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. பெண்கள் ஆண் உடையில் தோன்றக் கூடாது என்று திரும்பத் திரும்ப ஆணை பிறந்தது. திரும்பத் திரும்பப் பிறந்ததிலிருந்தே அது எவ்வளவு பின்பற்றப்பட்டது என்பதை ஊகிக்கலாம். ஆண் வேடமிட்ட பெண் கூட்டத்துக்கு மிகவும் பிடிக்கும் என்று லோப்பேயின் செய்யுளே சொல்கிறது. திர்சோ தே மொலினாவின் ‘பச்சைக் காற்சட்டை தோன் ஹில்’ நாடகத்தில், தன்னைக் கைவிட்ட காதலனைப் பின்தொடர்ந்து மாட்ரிட் வரும் ஹுவானா பச்சைக் காற்சட்டை அணிந்து தோன் ஹில் என்ற ஆணாக மாறுகிறாள். இறுதியில் மேடை முழுவதும் பச்சைக் காற்சட்டை அணிந்த தோன் ஹில்கள் நிறைந்துவிடுகிறார்கள்.

திர்சோ துறவற மடத்தைச் சேர்ந்தவர். இயற்பெயர் கப்ரியேல் தேயெஸ். மதச்சார்பற்ற நாடகங்களால் ஒழுக்கம் கெடுகிறது என்று 1625இல் அரசின் சீர்திருத்தக் குழு அவரைக் கண்டித்து, மாட்ரிட்டிலிருந்து அகற்றுமாறு பரிந்துரைத்தது. உலகம் அறிந்த தோன் ஹுவான் என்ற பாத்திரம் முதலில் தோன்றிய ‘செவில்யாவின் ஏமாற்றுக்காரன்’ நாடகம் வழக்கமாக அவர் பெயரில் வழங்கினாலும், அதை எழுதியவர் யார் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

எதிர்ப்பு வலுவாக இருந்தும் நாடகம் எப்படிப் பிழைத்தது? மீண்டும் மருத்துவமனைக்கே வர வேண்டும். அரச குடும்பத்தில் துக்கம் நேர்ந்தால் அரங்குகள் மூடப்படும். இறையியலாளர்கள் அதையே வாய்ப்பாக்கி நிரந்தரமாக மூடச் சொல்வார்கள். இளவரசி கத்தலீனா இறந்ததை ஒட்டி 1597இல் மூடிய அரங்குகள் 1598இல் முழுமையாகத் தடைசெய்யப்பட்டன. மாட்ரிட் நகராட்சி அரசரிடம் மனு அளித்தது. வருமானமின்றி நோயாளிகள் தவிப்பது அதன் வலுவான வாதங்களுள் ஒன்று. 1599இல் அரங்குகள் திறந்தன. 1640களில் அரசியும் இளவரசரும் அடுத்தடுத்து இறந்தபோது இதே கதை இன்னும் நீண்ட காலத்துக்கு நடந்தது. நாடகத்தைப் பாவம் என்ற திருச்சபைக்குள்ளேயே அதன் வருமானத்தை நம்பிய சங்கங்களும் இருந்தன. இந்த முரண்தான் கொமேதியாவைக் காப்பாற்றியது.

அடுத்த தலைமுறையின் பெரும்பெயர் கால்தெரோன் (1600–1681). லோப்பேயிடம் விரைவு என்றால் கால்தெரோனிடம் கட்டமைப்பு. 1636இல் அச்சான அவருடைய ‘வாழ்வு ஒரு கனவு’, தீய சோதிடத்தால் தந்தையே கோபுரத்தில் அடைத்து வளர்த்த போலந்து இளவரசன் செகிஸ்முந்தோவின் கதை. மயக்கமருந்து கொடுத்து ஒருநாள் அவனை அரண்மனைக்குக் கொண்டுவந்து சோதிக்கிறார்கள். முரட்டுத்தனமாக நடந்து, ஒரு பணியாளை மாடத்திலிருந்து தூக்கி எறிகிறான். மீண்டும் கோபுரத்தில் கண்விழித்ததும், நீ கண்டது கனவு என்கிறார்கள். எதுதான் கனவு இல்லை என்று அவன் கேட்கும் தனிமொழியை ஸ்பெயினில் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் இந்தத் தத்துவ நாடகத்திலும் முற்றத்தின் வழக்கங்கள் அனைத்தும் இருப்பதைக் கவனிக்க வேண்டும்: ஆண் உடையில் வரும் ரொசவுரா, அவளுடைய மானப் பிரச்சினை, கோமாளி கிளாரின். போரில் சாகாமலிருக்கப் பாறைகளுக்கிடையே ஒளியும் கிளாரினைத் தேடி வந்து தாக்குகிறது ஒரு குண்டு. சாவிலிருந்து தப்ப ஒளிந்தவன் மட்டும் சாகிறான்.

கால்தெரோனின் காலத்திலேயே அரசவை தனக்கென ஓர் அரங்கைப் பெற்றது. மாட்ரிட்டின் புவென் ரெத்தீரோ அரண்மனையில் 1640இல் திறந்த அரங்கில் இத்தாலியப் பொறியாளர்களின் இயந்திரங்கள் மேகங்களையும் கடலையும் நகர்த்தின. சொல் செய்துவந்த வேலையை அங்கே கயிறும் கப்பியும் செய்தன.

செர்வாந்தேஸின் நிலைதான் பரிதாபத்துக்குரியது. ‘தோன் கிஹோத்தே’யின் ஆசிரியர் நாடகத்திலும் வெல்ல விரும்பினார், எந்தக் குழுவும் அவருடைய பிற்கால நாடகங்களை வாங்கவில்லை. இவருடைய உரைநடையிலிருந்து நிறைய எதிர்பார்க்கலாம், செய்யுளிலிருந்து ஒன்றுமில்லை என்று ஒரு குழுத்தலைவர் சொன்னதாகப் புத்தக வணிகர் ஒருவர் தம்மிடமே கூறியதை அவர் அந்த 1615 முன்னுரையில் மறைக்காமல் எழுதினார். நூலின் தலைப்பிலும் ‘ஒருபோதும் மேடையேறாதவை’ என்று அச்சிட்டார்.

கடல் கடந்தும் காலம் கடந்தும்

கொமேதியா ஸ்பெயினோடு நிற்கவில்லை. மெக்சிகோவில் பிறந்து மாட்ரிட்டில் எழுதிய ஹுவான் ரூயிஸ் தே அலார்கோனின் பொய்யன் நாடகத்தைப் பிரெஞ்சு நாடகாசிரியர் கொர்னேய் தம் மொழிக்கு ஏற்ப மாற்றி எழுதினார். மெக்சிகோ நகரத்தில் கன்னியர் மடத்துக்குள்ளிருந்து எழுதிய சோர் ஹுவானா இனேஸ் தே லா குரூஸின் ‘ஒரு வீட்டின் சிக்கல்கள்’ 1683இல் நிகழ்த்தப்பட்டது. அதில் பெண் ஆணாக மாறுவதில்லை. கஸ்தான்யோ என்ற வேலைக்காரன் பெண்களைப் பார்த்துப் பேசியபடியே மேடையில் ஒவ்வொன்றாகப் பெண் உடைகளை அணிந்துகொள்கிறான். நூறாண்டு வழக்கத்தைத் தலைகீழாக்கி விளையாடும் அளவுக்கு அவருக்கு அது கைவந்திருந்தது.

18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ரசனை வந்தது. இட, கால ஒருமைகள் திரும்பின, மாட்ரிட்டின் முற்றங்களைக் கட்டடங்கள் விழுங்கின. கவிஞர் லோர்கா 1932இல் மாணவர்களைக் கொண்டு ‘லா பர்ராகா’ என்ற நடமாடும் குழுவை அமைத்து, லாரியில் ஊர் ஊராகச் சென்று சதுக்கங்களில் பலகை மேடை போட்டு இந்நாடகங்களை நடத்தினார். அவர் மேடையேற்றிய ‘ஃபுவென்தே ஓவெஹூனா’வில் உழவர்கள் 1930களின் உழவர்களுடைய உடையில் வந்தார்கள். அரசர் மன்னிக்கும் பகுதியை அவர் நீக்கிவிட்டார்.

லா மான்சா பகுதியின் அல்மாக்ரோ ஊரில் 1628ஆம் ஆண்டுக் கொர்ரால் ஒன்று நீண்ட காலம் விடுதியாகப் பயன்பட்டு, மறக்கப்பட்டு, 1950களில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. செம்மண் நிறம் பூசிய மரத்தூண்களும் மாடங்களும் திறந்த முற்றமுமாக இன்று அது நிற்கிறது. 1978 முதல் கோடைதோறும் அங்கே செவ்வியல் நாடக விழா நடக்கிறது. மாட்ரிட்டின் பிரின்சிப்பே முற்றம் இருந்த இடத்தில், சாந்தா ஆனா சதுக்கத்தைப் பார்த்தபடி, இன்று நிற்பது நகராட்சியின் தியாத்ரோ எஸ்பான்யோல்.